அளவெடுக்காத கழுத்து

அவர் யாருடைய முகத்தையும் முதலில் பார்க்க மாட்டார். கழுத்தைத்தான் பார்ப்பார். ஒருமுறை காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்த அவரை நிறுத்தி, “என்னக்கா, நல்லாயிருக்கீங்களா?” என்று கேட்டேன். அவர் பார்வை என் தாடைக்குக் கீழே வந்து நின்றது. அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்புறம்தான் மேலே ஏறியது. “அட, டீச்சரா!” என்றார். அடையாளம் தெரிந்தது கழுத்தை வைத்துத்தான். என் கழுத்தில் அறுவை சிகிச்சைத் தழும்பு இருக்கிறது.

செக்காலைப் பக்கம் ஒரு சந்துக்குள் பெண்களுக்கான தையல் கடை வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். நான் ஒரு விஷயத்தை எட்டு மாதம் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த எட்டு மாதமும் அவர் புருஷன் கழுத்தில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. சங்கதி இவ்வளவுதான். மற்றதெல்லாம் அவரைப் பற்றி எனக்கு நினைவிருப்பவை.

ஊரில் மற்ற டெய்லர்கள் எல்லாம் அளவு ஜாக்கெட் வாங்கிக்கொள்வார்கள். சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணியோடு சுருட்டிக் கொடுத்தனுப்பினால் போதும், அதை வைத்து வெட்டித் தைத்துவிடுவார்கள். இவர் தொடவே மாட்டார். “ஜாக்கெட்டா நடந்து போகப் போகுது? ஆள வரச் சொல்லுங்க” என்று சுருட்டியபடியே திருப்பித் தந்துவிடுவார். தேவகோட்டையிலிருந்து ஓர் அம்மா மகளின் அளவு ஜாக்கெட்டோடு வந்து, மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள், லீவு கிடைக்காது என்று கெஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன். “போன வருசம் தச்சது போன வருசத்து ஒடம்பத்தான் சொல்லும். இந்த வருசத்து ஒடம்புக்கு நான் எங்க போறது?” என்றார் இவர். அந்த அம்மா கோபித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

கடை முன்பக்கம் பாதிக் கதவு, அதற்கு மேல் ஒரு பூப்போட்ட திரை. ஆண்கள் திரைக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஆளுயரக் கண்ணாடி. ஸ்டூலுக்கு முன்னால் நிற்கவைத்து, முதலில் தோள், அப்புறம் மார்பு, கை, கடைசியில் கழுத்து. கழுத்துக்கு வரும்போது டேப்பைத் தோளில் போட்டுவிட்டு இரண்டு விரலைத் தொண்டைக்குழியில் வைத்து அங்கிருந்து கீழே இறக்கத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் மட்டும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. “பேசாதீக, அளவு தப்பிரும்” என்பார். தாசில்தார் சம்சாரத்துக்கும் அதே அதட்டல்தான். என் மாமியார் இருபது வினாடி தொடர்ந்து பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்தக் கடையில் மட்டும்தான்.

என் தம்பி கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட் தைக்கப் போனேன். கழுத்துக்கு வந்தார், விரலை வைத்தார், எடுக்கவில்லை.

“எச்சிய முழுங்குங்க டீச்சர்.”

முழுங்கினேன்.

“இன்னொருக்கா. இங்குட்டு வெளிச்சத்துக்குத் திரும்பி.”

முழுங்கினேன்.

“உள்ளுக்குள்ள ஒண்ணு ஏறி எறங்குது. பட்டாணித் தண்டி. எத்தன நாளா வச்சிருக்கீக?”

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள். பத்தாம் வகுப்புக்கு நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் வரும்போதெல்லாம், குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் தைராய்டை வரைந்து, கலர் சாக்பீஸால் நிழல்கூடப் போடுவேன். எனக்கு வந்தது பயமல்ல, எரிச்சல். “அது குரல்வளைதான்க்கா. எல்லாருக்கும் இருக்கிறதுதான்” என்றேன்.

“குரல்வள நடுவுல இருக்கும். இது ஓரத்துல இருக்கு. நான் தெனமும் கழுத்தத் தொடுறேன். நீங்க போர்டுல வரையத்தான செய்றீக?”

ஜாக்கெட் துணியை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தால்தான் தைப்பேன் என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். வேறு வழியில்லாமல் போனேன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஊசி போட்டுத் திசு எடுத்துப் பரிசோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆனது. தம்பி கல்யாணத்தில் அந்தப் பட்டு ஜாக்கெட்டோடு நின்று எல்லாரையும் வரவேற்றேன். அடுத்த வாரம் மதுரையில் என் தைராய்டைக் கழற்றி எடுத்தார்கள். புற்றுநோய்தான், ஆரம்ப நிலை என்றார்கள். அன்றிலிருந்து காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தக் கடைக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இதையும் சொல்லியாக வேண்டும். அவர் சங்கடப்பட்டுக் கையை உருவிக்கொண்டார். தழும்பைத் தடவிப் பார்த்தார். “நல்லாத்தான் தச்சிருக்காக. நூலு தெரியல” என்றார். அதை மறைக்கிற மாதிரி காலர் வைத்து ஜாக்கெட் தைத்துத் தரச் சொன்னேன். முடியாது என்றார். நம் ஊர் வெயிலுக்குக் காலர் வைத்தால் வேர்வையில் தழும்பு அரிக்கும், செயினில் ஒரு அங்குலம் குறைத்தால் அது சரியாகத் தழும்பின் மேலேயே உட்காரும் என்று சொல்லிக் கொடுத்தார். இன்றுவரை என் செயின் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

அவரிடம் ஒரு நீளமான நோட்டு உண்டு. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம், அதில் அளவுகள். சில பக்கங்களின் மூலையில் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கும். என் பக்கத்திலும் ஒன்று விழுந்ததைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டேன். கழுத்தில் கட்டியோ தழும்போ இருக்கிறவர்களுக்கு அந்தப் புள்ளியாம். புரட்டிக் காட்டினார். நான் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது.

“பூராம் பொம்பளைக. ஏன் டீச்சர் பொம்பளைகளுக்கு மட்டும் வருது?”

இந்தக் கேள்வி அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. கடைக்கு வருகிற எல்லாரிடமும் கேட்டார். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருத்தர் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தபோது, திரைக்கு இந்தப் பக்கமிருந்தே அவரிடமும் கேட்டார். அவர் ஹார்மோன் என்றாராம். “ஹார்மோன்னா என்னன்னு கேட்டேன், அது பொம்பளைக சமாச்சாரம்னாரு. அதத்தான நானும் கேட்டேன்?” என்று என்னிடம் சலித்துக்கொண்டார்.

சொந்தமாகவும் காரணங்கள் வைத்திருந்தார். முதலில் நகைதான் காரணம் என்றார். இந்தப் பக்கம் பெண்கள் கழுத்தில் ஏற்றுகிற பாரம் வேறெங்கும் கிடையாது, அது உள்ளே அழுத்துகிறது. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறைக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண் வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். அவள் பக்கத்திலும் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டியதாயிற்று. நகைக் காரணம் அன்றோடு போனது. அப்புறம் உப்பு. தண்ணீர். அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம், இங்கே ஆறு மாதம் என்று இருக்கிற ஓர் ஆச்சி வந்தபோது உப்பும் தண்ணீரும் போயின. “அங்குட்டும் இதே கதைதான் ஆத்தா. என் மருமகளோட ஆபீஸ்லயே ரெண்டு பொண்ணுகளுக்கு எடுத்துருக்காக” என்றார் ஆச்சி. கடைசியாக டென்ஷனுக்கு வந்து சேர்ந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் தொண்டையிலேயே நிறுத்திக்கொள்வது பெண்கள்தானே, அதுதான் கட்டியாகிறது என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் டீச்சர் என்கிற முறையில் அதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னேன்.

“அப்ப ஆதாரத்தோட நீங்க கேட்டுட்டு வாங்க. வருசா வருசம் மதுரைக்குப் போறீகல்ல? டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?”

கேட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் புருஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல மனுஷன். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். அதன் வாசலில் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டு உள்ளே அழைக்கிற வேலை அவருக்கு. அதற்கென்று மெரூன் கலரில் கழுத்து மூடிய கோட்டு, பித்தளைப் பொத்தான், தொண்டைக்கு நேரே ஒரு கொக்கி. குரல் கனமான குரல். “வாங்க, வாங்க” என்று அவர் சொன்னால் வெள்ளைக்காரர்களுக்கும் புரிந்துவிடும் என்று இவர் பெருமையாகச் சொல்வார். வேலை முடிந்ததும் கடைக்கு வருவார். உள்ளே வர அவருக்கும் அனுமதி இல்லை. எதிரே மின்கம்பத்தடியில் நிற்பார். திரை வழியாக டீ டம்ளர் போகும், வரும். நான் போன நாட்களிலெல்லாம் அவரை அந்தக் கம்பத்தடியில்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் நான் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது திரை இடுக்கு வழியாகக் கோட்டு ஒன்று உள்ளே வந்தது. “இந்தா, இந்தக் கொக்கியக் கொஞ்சம் தள்ளி வையி. கழுத்தப் பிடிக்குது” என்றது வெளியிலிருந்து குரல்.

“ஓட்டல் சாப்பாடு கழுத்து வரைக்கும் ஏறிருச்சு பாருங்க டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே கோட்டை மடியில் போட்டு, கொக்கியை வெட்டியெடுத்து, அரை அங்குலம் தள்ளி வைத்துத் தைத்தார். இரண்டு நிமிஷ வேலை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கோட்டைத் திரை வழியே வெளியே நீட்டினார். கடையில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஆளை வரச் சொல்லாமல், துணியை மட்டும் பார்த்து அவர் செய்த ஒரே வேலை அதுதான் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் மதுரைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். இளம் டாக்டர், நிதானமாகப் பேசக்கூடியவர். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரித்தார்.

“முழு பதில் யாருக்கும் தெரியாது மேடம். ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரு பங்கு இருக்கலாம்னு சந்தேகப்படுறாங்க. ஆனா இன்னொரு விஷயம் இருக்கு. நாங்க பெண்களைத்தான் பாக்குறோம். முடி கொட்டுதா, உடம்பு போடுதா, குழந்தை இல்லையா, அசதியா இருக்கா, எல்லாத்துக்கும் முதல்ல தைராய்டு டெஸ்ட் எழுதிடுறோம். அதுல ஏதாவது இருந்தா கழுத்துக்கு ஸ்கேன். ஸ்கேன் பண்ணா சின்னதா ஒண்ணு கிடைக்குது. வேற காரணத்தால இறந்தவங்களோட கழுத்தைப் பரிசோதிச்சுப் பாத்தா, இந்த மாதிரி சின்னக் கட்டி ஆணுக்கும் பெண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இருக்கு. உயிருக்கு ஆபத்தான வகையை மட்டும் எடுத்துக்கிட்டா அங்கேயும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆம்பளைங்க கழுத்தை யாரும் தேடுறதில்லை. அதுவா பெருசாகி வெளிய தெரிஞ்ச பிறகுதான் வர்றாங்க.”

“அப்படின்னா சின்னதா இருக்கிறது?”

“பலது சின்னதாவே இருந்துடும். ஆயுசுக்கும் ஒண்ணும் பண்ணாது. இப்பல்லாம் சில பேருக்கு உடனே ஆபரேஷன் பண்ணாம, அப்பப்ப ஸ்கேன் பண்ணிக் கவனிச்சுக்கிட்டு மட்டும் இருக்கோம்.”

“என்னோடது?”

அவர் ஃபைலைப் புரட்டினார். “அதை இனிமே சொல்ல முடியாது மேடம். எடுத்தாச்சே” என்றார்.

காரைக்குடிக்கு வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். திருப்பத்தூர் தாண்டும்போது அது முழுக்கக் கோபமாக மாறியிருந்தது. டாக்டர் மேல் அல்ல. அந்த இரண்டு விரல் மேல். அந்த அம்மா என் தொண்டையில் கை வைக்காமல் இருந்திருந்தால், அந்தப் பட்டாணி என்னோடே இருந்து என்னோடே போயிருக்கும். எனக்குத் தழும்பு இல்லை, மாத்திரை இல்லை, மாத்திரை அளவு கூடினால் வருகிற படபடப்பு இல்லை, குறைந்தால் வருகிற அசதி இல்லை. இப்படித்தான் யோசித்தேன். நியாயமா என்றால், இல்லை. கையைப் பிடித்து அழுதவளும் நான்தான். ஆனால் கோபம் வந்தது வந்ததுதான்.

அவர் கடைக்குப் போவதை நிறுத்தினேன். தேவகோட்டையில் ஒரு டெய்லரைப் பிடித்தேன். அவர் மகிழ்ச்சியாக அளவு ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டார். இரண்டு ஜாக்கெட்டுக்குக் கை தூக்க முடியவில்லை, ஒன்றுக்குத் தோள் வழிந்தது. வீம்புக்கு அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இவர் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். “டீச்சர் டாக்டர்கிட்ட கேட்டாகளான்னு அந்த டெய்லரம்மா கேக்கச் சொன்னாங்க மிஸ்.” இன்னும் போகவில்லை என்று சொல்லச் சொன்னேன். இரண்டு முறையும்.

எட்டு மாதம் கழித்து, நாத்தனார் மகளின் சடங்குக்கு நல்ல ஜாக்கெட் ஒன்று வேண்டியிருந்தது. வீம்பும் கொஞ்சம் வற்றியிருந்தது. ஒரு சாயங்காலம் போனேன். கம்பத்தடியில் அவர் புருஷன் நின்றுகொண்டிருந்தார். “வாங்க டீச்சர்” என்றார். சொன்னது காதில் விழவில்லை, உதடு அசைந்ததை வைத்துத்தான் தெரிந்தது. காற்றுதான் வந்தது.

உள்ளே போய், “என்னக்கா, அண்ணனுக்குக் குரல் கம்மிப்போச்சு?” என்று கேட்டேன்.

“ஓட்டல்ல வாசல் வரைக்கும் ஏசி போட்டுட்டாக. ரெண்டு மாசமா இப்புடித்தான். கசாயம் குடிக்கிறாக.”

ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. என் கழுத்தைப் பார்த்தார், தலையாட்டினார், உட்காரச் சொன்னார். மடியில் அந்த மெரூன் கோட்டு கிடந்தது. கொக்கியைத் தள்ளி வைக்க இனிமேல் இடமில்லை என்பதால் கழுத்தோரத்தைப் பிரித்து, வேறு துணியில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். கலர் சேரவில்லை. அதற்குத்தான் அவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

“டாக்டர்கிட்ட கேட்டேன்க்கா” என்றேன். வந்ததுக்கு ஒரு காரணம் மாதிரி இருக்கட்டும் என்று சொன்னேனே தவிர, வேறொன்றும் மனதில் இல்லை. “பெண்களுக்கு மட்டும் வர்றதில்லையாம். பெண்களைத்தான் பாக்குறாங்களாம். அதனால பெண்கள்கிட்ட கிடைக்குது. ஆம்பளைங்க கழுத்தை யாரும் பாக்குறதில்லை. பெருசான பிறகுதான் தெரியுதாம்.”

“ஆமால்ல” என்றார். ஊசி ஓடிக்கொண்டிருந்தது. “எங்க நோட்டுல பொம்பளைக பேருதான இருக்கு. புள்ளி பொம்பளைகளுக்குத்தான விழுகும். இது எனக்கு ஒறைக்காமப் போச்சு பாருங்க.” சிரித்தார். ரொம்ப நாள் வைத்திருந்த கணக்குக்கு விடை கிடைத்த சிரிப்பு அது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஊசி நின்றது.

கோட்டின் கழுத்தோரத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். பழைய கொக்கி இருந்த இடத்தில் நூல் பிரித்த ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அரை அங்குலம் தள்ளி இன்னொரு வரிசை. அதற்கும் அப்பால், ஓரத்தை ஒட்டி, இன்னொன்று. ஒவ்வொரு வரிசையாக விரலால் தடவினார். கடைசியில் விரல் புதுப் பட்டியில் வந்து நின்றது.

“வயிறு போடல டீச்சர்” என்றார். யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல இருந்தது. “இடுப்புல பிரிச்சு விடச் சொல்லவே இல்ல. பேன்ட்டு லூசாகுதுன்னுல்ல சொன்னாக.”

கோட்டு கீழே விழுந்தது. திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனார். செருப்பு போடவில்லை. நானும் பின்னாலேயே போனேன். சந்து நிறைய ஆட்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், காய் வண்டிக்காரர், எதிர்க்கடை ஆள். கம்பத்தடியில் நின்றவரிடம் போய், அவர் சட்டையின் மேல் பொத்தான் இரண்டையும் கழற்றினார்.

“என்ன இது, ரோட்டுல வச்சு” என்று அவர் காற்றுக் குரலில் கூச்சப்பட்டார்.

“பேசாதீக. அண்ணாந்து பாருங்க.”

அவர் அண்ணாந்தார். இவர் இரண்டு விரலை வைத்தார்.

“எச்சிய முழுங்குங்க.”

விரல் வைக்கவே தேவையிருக்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். அவர் முழுங்கியபோது கழுத்தின் இடப்பக்கம் முழுவதும் ஏறி இறங்கியது. எத்தனையோ சாயங்காலம் அதே கம்பத்தடியில் அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். கும்பிட்டதற்குக் கும்பிட்டிருக்கிறேன். நிமிர்ந்து பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் ஆஸ்பத்திரிக் கதைகள். கட்டி மூச்சுக்குழாயைப் பிடித்திருந்தது. குரல் நரம்பு ஒன்றையும் பிடித்திருந்தது. முடிந்த அளவுக்கு எடுத்தார்கள். ஓட்டலில் அவரை வாசலிலிருந்து மாற்றி உள்ளே சாவி பார்த்துக்கொள்கிற வேலை கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் இருந்தார்.

துக்கத்துக்குப் போனபோது இவர் அழவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புருஷனுக்கு அதில் பக்கம் இல்லை. கடைசியில் வெறுமையாக இருந்த ஒரு தாளில் கோடு போட்டு, தோள், மார்பு, கை, கழுத்து என்று எழுதியிருந்தார். எதற்கு நேராகவும் எண் இல்லை. “கல்யாணமாகி இருபத்தாறு வருசம். ஒருக்காகூட டேப்ப வச்சதில்ல. தெரிஞ்ச ஒடம்புதானன்னு இருந்துட்டேன்” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் கேட்டார்.

“டாக்டரு ஒங்ககிட்ட அத எப்பச் சொன்னாரு டீச்சர்?”

“கடைக்கு வந்ததுக்கு முந்தின வாரம்” என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கையைப் பிடித்தால் உருவிக்கொள்கிறவர், அன்று பிடித்த பிடியை விடவில்லை. “கேட்ட கையோட வந்து சொன்னீக. இல்லாட்டி அந்த ஒன்றர வருசமும் எனக்குக் கெடைச்சிருக்காது” என்றார்.

மதுரை டாக்டரிடம், யாருக்கென்று சொல்லாமல், எட்டு மாதம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம். எனக்கும் அவர் முன்பு சொன்ன பதில் அதுதான். முதல் தடவை அந்தப் பதிலுக்குக் கோபப்பட்டேன். இந்தத் தடவை கோபப்பட யாரும் மிச்சமில்லை.

கடையில் திரையைக் கழற்றிவிட்டார். மனைவிக்கோ மகளுக்கோ துணையாக வருகிற ஆண்களை உள்ளே கூப்பிட்டு அண்ணாந்து பார்க்கச் சொன்னார். சிலர் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள், முக்கால்வாசிப் பேர் அண்ணாந்தார்கள். “எங்க டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுச்சு” என்று எல்லாரிடமும் சொல்வார். என்னை வைத்துக்கொண்டே சொல்வார். நான் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் மகள் திருப்பூரில் இருக்கிறாள். அவளோடு போய்விடுவதாக முடிவு செய்து கடையைக் காலி செய்தபோது, எனக்குக் கடைசியாக ஒரு ஜாக்கெட் தைத்துத் தருவதாகச் சொல்லி வரச் சொன்னார். மெஷினை ஏற்கெனவே ஏற்றி அனுப்பியிருந்தார். பக்கத்துக் கடை மெஷினில் தைப்பதாக ஏற்பாடு. கண்ணாடி மட்டும் சுவரில் இருந்தது. வேறு யாரும் இல்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வீட்டிலிருந்தே முடிவோடு போயிருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்பதுகூடத் தயாராக இருந்தது.

தோள் எடுத்தார். மார்பு, கை. டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு விரலைத் தொண்டைக்குழியில் வைத்தார்.

“அக்கா, அந்த டாக்டர் சொன்னாருன்னேன்ல, அது வந்து…”

“பேசாதீக டீச்சர், அளவு தப்பிரும்.”

நின்றேன். விரலை எடுத்ததும் எண்ணைச் சொன்னார். நோட்டு கட்டி வைத்த பெட்டிக்குள் போய்விட்டதால், ஒரு துண்டுத் தாளில் என்னையே எழுதித் தரச் சொன்னார். அந்த எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.